வாடகைக்கு விடும் வீடு: சுவரை எங்கே வைப்பது?

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல, முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் நீண்ட காலம் கழித்தன. இரவில் கக்கூசுக்குப் போக மற்றக் குடும்பத்தின் அறையைத் தாண்டிய பெண்களுக்கு, தவறான இடத்தில் வைத்த சுவரின் கஷ்டம் தெரியும். இப்போது ஊர் திரும்பி, பழைய கல்வீட்டைத் திருத்தி ஒரு பகுதியை வாடகைக்கு விட நினைப்பவர் அதை மறக்கக் கூடாது.

வீடு 27 அடி நீளம், 20 அடி அகலம், நீளப்பக்கம் வீதியைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிக்க இரண்டு வழி உண்டு.

முதலாவது, முன்பகுதியை வாடகைக்கு விட்டு, பின்பகுதியில் நீங்கள் இருப்பது. செலவு குறைவு. ஆனால் வாசலும் குசினியும் பொதுவாகிவிடும். ஒரே அடுப்பில் இரண்டு உலை வைத்தால் எத்தனை நாளைக்குச் சண்டையில்லாமல் போகும்?

மற்றது, நீளத்தின் நடுவே முன்னிருந்து பின்வரை ஒரு சுவர். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 13 அடி அகலம் கிடைக்கும். முன்னால் 12 அடி அறை, பின்னால் குசினி. இரு குடும்பத்துக்கும் தனி வாசல், தனிப் பின்கதவு. மூன்று பக்கம் வெளிச்சுவர் என்பதால் எதிரெதிரே யன்னல் வைத்துக் காற்றும் எடுக்கலாம். கதவுகளும் ஓர் அடுப்பும் கூடினாலும் இதுவே நல்லது. நடுச்சுவரை ஓடு வரை உயர்த்துங்கள். அரைச்சுவர் புகையையும் மறிக்காது, பேச்சையும் மறிக்காது.

பழைய குறுக்குச்சுவரை இடிக்குமுன் மேலே பாருங்கள். கூரையின் வளை அதில் தங்கியிருந்தால் தொடாதீர்கள். மேசனைக் கேட்டு, லிண்டல் போட்டு வாசல் மட்டும் திறக்கலாம்.

காகிதப் படம் விளங்காவிட்டால் முற்றத்தில் சாம்பலால் அதே அளவுக்குக் கோடு கீறுங்கள். பாயை விரியுங்கள். நெல் மூட்டைகளையும் மண்வெட்டியையும் வையுங்கள். கமக்காரன் வீட்டில் மூட்டைக்கு இடமில்லாத அறை, அறையல்ல. பிறகு நடந்து பார்த்தால் எங்கே இடிபடும் என்று தெரியும்.

கக்கூசுக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு எட்டத்தில் இருக்க முடியுமோ அவ்வளவு நல்லது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் அழுக்கு நீர் வேகமாகக் கிணற்றுக்குப் போகும். வளவு சிறிதென்றால் அடியும் பக்கமும் சீமெந்து பூசிய தொட்டி கட்டி, நிறைந்ததும் அள்ளுவிப்பதே வழி.

கூடிப் பேசுவதற்கு: நீங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் படத்தை நிலத்தில் கீறுங்கள். எந்தக் கதவை மாற்றியிருப்பீர்கள்?