பூனை மெத்தையில போயிடுதா? கையை ஓங்கறதுக்கு முன்னாடி இதைப் படி

பூனை வளர்க்கிறவங்க என்கிட்ட வந்து சொல்ற முதல் புகார் எப்பவும் இதுதான்: "அக்கா, திடீர்னு மெத்தையில ஒன்னுக்குப் போயிடுது. எல்லாம் திமிரு!" திமிரும் இல்லை, பழிவாங்கலும் இல்லைம்மா. ஒண்ணு, அதுக்கு உடம்பு முடியலை. இல்லைன்னா நீ வச்சிருக்கிற மண் ட்ரே பிடிக்கலை. அடிச்சா ரெண்டுமே சரியாகாது, உன்னைக் கண்டா கட்டிலுக்கு அடியில ஓடும், அவ்வளவுதான். உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும். அவசரமானதை முதல்ல சொல்லிடறேன்.

1. கடுவன் பூனை முக்குதா? விடியட்டும்னு காத்திருக்காதே.
ட்ரேக்குள்ள போய்க் குந்தும், முக்கும், மண்ணைத் தள்ளும், வெளியே வரும். ரெண்டு நிமிஷத்துல மறுபடி போகும். கிளறிப் பார்த்தா ஈரக் கட்டியே இருக்காது, இருந்தாலும் ரெண்டு சொட்டுதான். அடியை நக்கிக்கிட்டே இருக்கும், நடுவுல ஒரு மாதிரி அடித்தொண்டையில கத்தும். இதை மலச்சிக்கல்னு நினைச்சு விளக்கெண்ணெய் ஊத்தறவங்க எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன். ஊத்தாதே. கடுவனுக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல். அதுல அடைப்பு விழுந்தா மூத்திரம் தேங்கி, சிறுநீரகம் கெட்டு, ரத்தத்துல பொட்டாசியம் ஏறி, இதயமே நின்னு போகும். ஒண்ணு ரெண்டு நாள்ல உயிரே போயிடும். ராத்திரி 11 மணியா இருந்தாலும் டாக்டருக்கு போன் பண்ணு.

2. ட்ரேயைச் சரி பண்ணு.
- ஒரு பூனைக்கு ரெண்டு ட்ரே, ரெண்டு பூனைக்கு மூணு. எல்லாத்தையும் ஒரே மூலையில அடுக்காதே, தள்ளித் தள்ளி வை.
- வாசனை மண் உனக்கு இதமா இருக்கும், அதோட மூக்குக்கு ஆகாது. சாதா மண்ணே போதும்.
- வாஷிங் மெஷின் பக்கத்துல வைக்காதே. குந்தியிருக்கும்போது மெஷின் ஒரு தடவை உதறினா, அப்புறம் அந்தப் பக்கமே வராது.
- தினம் கட்டியை அள்ளும்போது ஒரு பார்வை பாரு. வயசான பூனைக்கு ஈரக் கட்டி பெருசாகி, தண்ணியும் நிறைய குடிச்சா சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ இருக்கலாம். ரத்தப் பரிசோதனை எடுத்துடு.
- வாலைத் தூக்கி நின்னுக்கிட்டே சுவத்துல பீய்ச்சினா அது வேற சங்கதி, எல்லைக்கு அடையாளம் போடுது. 5 மாசத்துலயே கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டா இந்தப் பழக்கம் பெரும்பாலும் வராது. பெட்டைக்கும் தள்ளிப் போடாதே, 4 மாசத்துலயே சினை பிடிச்சிடற குட்டிகள் உண்டு.

3. உன் மருந்து டப்பாவைத் தொடாதே.
காய்ச்சல் மாதிரி சுடுதுன்னு பாரசிட்டமால் பாதி உடைச்சுக் கொடுக்கிறதுதான் நான் பார்த்ததுலயே கொடுமையான தப்பு. பூனையோட ஈரலால அந்த மருந்தை உடைக்க முடியாது. ஒரே மாத்திரை போதும், ஈறு நீலமாகி மூச்சுத் திணறிடும். நாய்க்கு முதுகுல விடற உண்ணி மருந்தும் வேண்டாம். அதுல பெர்மெத்ரின் இருந்தா பூனைக்கு வலிப்பு வந்துடும்.

4. தரை துடைக்கிற தண்ணியில கவனம்.
பினாயில், தண்ணியில ஊத்தினதும் வெள்ளையாகிற கிருமிநாசினி, இதெல்லாம் பூனைக்கு விஷம். ஈரத்தரையில நடக்கும், உடனே உட்கார்ந்து பாதத்தை நக்கும். சோப்புத் தண்ணியில துடைச்சு, காய்ஞ்ச பிறகு கதவைத் திற. பாச்சை உருண்டை, கற்பூரம், எலி பாஷாணம் எதுவும் எட்டற இடத்துல இருக்கக் கூடாது. பூங்கொத்துல லில்லி வந்தா வீட்டுக்குள்ளயே கொண்டு வராதே. மகரந்தம் உடம்புல ஒட்டி, அதை நக்கினாலே சிறுநீரகம் போயிடும்.

5. சாப்பாடு.
பால் ஊத்தாதே. வளர்ந்த பூனைகள்ல பலதுக்கு அது செரிக்காது, வயித்தால போகும். தயிர்சாதத்துலயே வளர்க்கலாம்னு பிடிவாதம் பிடிக்காதே. டாரின்னு ஒரு சத்து அதுக்குக் கறி மீன்லதான் கிடைக்கும். இல்லைன்னா கண்ணும் இதயமும் கெடும். மீன் குழம்புல இருந்து துண்டை எடுத்துக் கழுவிப் போடறதும் சரியில்லை, வெங்காயமும் பூண்டும் அதோட ரத்தத்தையே அழிக்கும். குழம்பு கூட்டறதுக்கு முன்னாடி ரெண்டு துண்டு மீனை உப்பில்லாம தனியா வேக வச்சு, முள் எடுத்துடு. அஞ்சு நிமிஷ வேலை. அதுவும் தினப்படிச் சாப்பாடு இல்லை, பூனைக்குன்னு விக்கிற உணவோட சேர்த்துதான்.
ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலைன்னா டாக்டரைக் கேளு. குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா ஈரல்ல கொழுப்பு ஏறிடும்.

6. பூ கட்டின நூல்.
மல்லிச் சரத்தைக் கழட்டி டீப்பாய் மேல போட்டுட்டுத் தூங்கிடறியே, அந்த நூல் பூனைக்கு விளையாட்டு. நாக்கு முழுக்க உள்பக்கமா வளைஞ்ச முள். பிடிச்சதைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். நூல் குடலைச் சுருக்கி அறுத்துடும். ஆசனவாயில நூல் நுனி தெரிஞ்சா, தயவு செஞ்சு இழுக்காதே! அப்படியே தூக்கிக்கிட்டு ஓடு. தையல் ஊசி, நூல்கண்டுக்கும் இதே கதைதான்.

7. ராத்திரி கத்தல், சோபா கீறல்.
படுக்கப் போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஓடவிட்டு விளையாடு, அப்புறம் சாப்பாடு வை. தூங்கிடும். விடியற்காலை கத்தினதும் எழுந்து சோறு போட்டா, நாளைக்கும் கத்தச் சொல்லித் தர்றே. சோபா பக்கத்துலயே ஒரு கட்டையில சணல் கயிறு இறுக்கிச் சுத்தி நிறுத்து. பூனை முழுசா நீண்டு கீறுற உயரம் வேணும், ஆடக் கூடாது.

8. வீட்டுல கர்ப்பிணி இருக்காங்களா?
பூனையைத் தெருவுல விடச் சொல்ற மாமியாருக்கு இதைப் படிச்சுக் காட்டு. வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆகாத டாக்ஸோபிளாஸ்மா கிருமி, பூனை மலத்துல வெளியே வந்து ஒரு நாளாவது கழிச்சுத்தான் தொத்தற நிலைக்கு வரும். அதனால தினம் ட்ரேயை வேற யாராவது சுத்தம் பண்ணட்டும். இந்தக் கிருமிக்கு அரைவேக்காட்டுக் கறியும் கழுவாத கீரையும்தான் நிறைய கவனிக்க வேண்டியது.

9. பூனையைத் தூக்கிக்கிட்டுப் போற கூடையைப் பரண்ல போடாதே.
பழைய துணி விரிச்சு, கூடத்துல திறந்தே வை, அதுவே போய்த் தூங்கும். அப்பத்தான் தடுப்பூசிக்குக் கிளம்பற அன்னைக்குக் கையைக் கிழிச்சுக்காம போகலாம். முதல் ஊசி 8 வாரத்துல, வெறிநோய் ஊசி 12 வாரத்துல. சென்னையில இருந்தா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. அப்படியும் பூனை கீறினாலோ கடிச்சாலோ சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவு. மஞ்சள் அப்பாதே, அன்னைக்கே மனுஷங்க ஆஸ்பத்திரிக்குப் போ.