குடிநோயும் நோய்தான்

1990களின் தொடக்கம். ஆந்திரப் பிரதேசம், நெல்லூர் மாவட்டம். அங்கே துபகுண்டா என்று ஒரு கிராமம். எழுத்தறிவு வகுப்பில் படித்த பெண்கள் ஒன்று கூடினார்கள். ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். போராட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் அங்கே சாராயம் தடை செய்யப்பட்டது.

கடையை மூட ஊர் கூடினால் போதும். குடித்துப் பழகியவரை மீட்பது எப்படி? வாருங்கள், படிப்போம்.

குடிநோய் என்றால் என்ன?

தினமும் குடிப்பவரின் உடம்பு குடிக்குப் பழகிவிடுகிறது. காலையில் கை நடுங்குகிறது. ஒரு மடக்கு குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது. "இனிக் குடிக்க மாட்டேன்" என்று பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். மனசாரத்தான் சொல்கிறார். மாலையில் கால் தானாகக் கடைக்குப் போகிறது. இதுதான் குடிநோய்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக ஓர் ஆய்வு நடத்தியது. அது 2019இல் வெளியானது. நம் நாட்டில் 5 கோடியே 70 லட்சம் பேருக்குக் குடியிலிருந்து மீள உதவி தேவை என்றது. ஆனால், குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைத்தது.

செய்யக் கூடாதவை

அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்தாதீர்கள். பல வருடம் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். பிறகு காய்ச்சல் வரலாம். புத்தி தடுமாறும். இல்லாத உருவங்கள் தெரியும். "பேய் பிடித்துவிட்டது" என்று ஊர் சொல்லும். அது பேய் அல்ல. உயிருக்கு ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலக்காதீர்கள். சில மருந்துகள் உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி வரும். மூச்சுத் திணறும். உயிரே போகலாம். டாக்டர் சொல்லி, அவரும் சம்மதித்தால் மட்டுமே அந்த மருந்து.

செய்ய வேண்டியவை

போதையில் இருக்கும்போது புத்தி சொல்லாதீர்கள். தெளிந்திருக்கும் நேரம் பாருங்கள். "உங்களைக் குணப்படுத்தலாம், நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள்.

மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மனநல மருத்துவரைக் கேளுங்கள். எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். வழி தெரியாவிட்டால் 14446க்குப் போன் செய்யுங்கள். காசு இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய வேலை. கூலி வாங்கும் நாளில் கூடப் போங்கள். கடை இல்லாத வழியில் திரும்புங்கள். பசியும் கோபமும் தனிமையும் குடியை நினைவூட்டும். வேளைக்குச் சோறு, பேச்சுத் துணை இரண்டும் வேண்டும். பழைய கதையைச் சொல்லிக் குத்தாதீர்கள்.

மறுபடி குடித்துவிட்டாரா? எல்லாம் போயிற்று என்று கைவிடாதீர்கள். சர்க்கரை நோய் ஏறினால் மறுபடி டாக்டரிடம் போகிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். நோயாளி என்பதற்காக அடி உதையைப் பொறுக்க வேண்டாம். பெண்கள் 181க்குப் போன் செய்து உதவி கேட்கலாம்.

பேசுவோம்

1. குடியை நிறுத்திய ஒருவர் நம் ஊரில் இருக்கிறாரா? அவருக்கு யார் துணை நின்றார்கள்?
2. சட்டென்று குடியை நிறுத்தினால் என்ன ஆபத்து?
3. 14446, 181. இந்த எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.