காந்த நாடாவிற் படியெடுத்தலும் பிழை காண்டலும்

மீன்சுருட்டிக்குத் தென்மேற்கே, கொள்ளிடத்தின் வடகரையில், திருமழபாடி என்னும் பாடல்பெற்ற பதி உள்ளது. முதலாம் இராஜராஜ சோழன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அத்தலத்து ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதுக்குமாறு ஆணையிட்டான். சுவரைப் பெயர்க்குமுன் அதிலிருந்த கல்வெட்டுக்களைப் புத்தகத்திற் படியெடுக்குமாறும் பணித்தான். அவன் மைந்தன் இராஜேந்திரனது 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1026ஆம் ஆண்டளவில், அப்புத்தகத்தைக் கொண்டே அவை மீண்டும் சுவரிற் பொறிக்கப்பட்டன. மீன்சுருட்டிக்கு அணித்தாயுள்ள கங்கைகொண்ட சோழபுரத்திலோ, 1836இற் கீழணை கட்டுதற்பொருட்டு மதிற்கற்கள் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. அக்கற்களில் எழுத்திருந்திருப்பின் அதனை இனி மீட்பார் யார்?

கணிப்பொறி நிலையங்களில் அப்புத்தகத்தின் வேலையை இக்காலத்துச் செய்வது காந்த நாடா. பழங்கருவியென்று சிலர் இதனை எள்ளுவர். ஆயினும் 2011 பிப்ரவரியில் மென்பொருட் பிழையொன்றால் ஜிமெயில் அஞ்சல்கள் சில பல படிகளினின்றும் ஒருங்கே மறைந்தபோது, கூகிள் நிறுவனத்தார் அவற்றை நாடாவினின்றே மீட்டனர்.

இனி நம் விஷயத்திற்கு வருவோம். நாடாவில் எழுதுகையில் யாதொரு குறையும் அறிவிக்கப்படவில்லை. மீட்டுப் பார்க்கையிலோ தரவு சிதைந்திருக்கிறது. இந்நிலையிற் பலரும் முதலில் நாடாவையே குறைகூறுவர். அது பெரும்பாலும் தவறு. 2000ஆம் ஆண்டு முதல் வழங்கும் எல்.டி.ஓ. வகைக் கருவியில், எழுதும் தலையை அடுத்துப் படிக்கும் தலை ஒன்று உண்டு. எழுதியதை அது உடனே படித்துப் பார்க்கும். பிழையிருப்பின் மீண்டும் எழுதுவிக்கும். பிழைதிருத்தும் குறிகளும் தரவுடன் சேர்த்தே எழுதப்படுகின்றன. ஆதலின் நாடா பழுதுற்றால் கருவி வாளாவிராது. படிக்க இயலவில்லை என்று முறையிடும். முறையீடின்றி மௌனமாக வரும் பிழை, கருவியை வந்தடையுமுன்னரே நேர்ந்ததாதல் பெரிதும் கூடும்.

ஏடெழுதிய காலத்தை எண்ணினால் இது விளங்கும். ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதுவதுண்டு. வாசிப்பவர் ளகரத்தை லகரமாக ஒலித்தால், எழுதுபவர் தாம் கேட்டதைப் பிழையறவே எழுதினாலும் ஏடு பிழைபட்டதே. அவர் தம் ஏட்டைத் தாமே நூறு முறை சரிபார்த்தாலும் பயனில்லை. மூலத்தோடு ஒப்பிடல் வேண்டும். ஆகவே நாடாவிற்கு அனுப்புமுன் மூலக்கோப்பிற்குச் சரிபார்ப்பெண் கணித்துத் தனியே குறித்து வைக்க வேண்டும். மீட்டபின் மீண்டும் கணித்து இரண்டையும் ஒப்பிடுக.

எண்கள் மாறுபட்டால், முதலில் நாடாவின் எழுத்துத்தடைப் பொத்தானை நகர்த்தி, அதன்மேல் எவரும் எழுதாவாறு செய்க. பதற்றத்தில் மறுபடியும் எழுதி, இருந்த சான்றையும் அழிப்பாரைக் கண்டிருக்கிறோம். பின்னர் அந்நாடாவை இருமுறை படித்து, இரு படிகளையும் தம்முள் ஒப்பிடுக. அவை ஒன்றோடொன்று மாறுபட்டால், குறை படிக்கும் வழியில் உள்ளது; நாடாவிலுள்ள எழுத்து நன்றாகவே இருத்தல் கூடும். இரண்டும் ஒத்து, மூலத்தோடு மட்டும் மாறுபட்டால், எழுதும்பொழுதே பிழை புகுந்ததெனக் கொள்க.

அடுத்து, பிழையின் உருவத்தை நோக்குக. ஏட்டில் ஒரு வரி முழுதும் விடுபட்டால் எழுதினவர் கண் தாவியதென்றும், ரகர றகரங்கள் மயங்கினால் செவி தவறியதென்றும் பதிப்பாளர் உய்த்துணர்வர். இங்கும் அவ்வாறே. ஆங்காங்கே ஒரோவொரு பிட் மட்டும் புரண்டிருந்தால் நினைவகத்தை ஐயுறுக. அதற்கெனவுள்ள சோதனை நிரலை ஓரிரவு முழுதும் ஓடவிடுக. பழைய ஸ்கஸி இணைப்பாயின் வடத்தையும், அதன் கடைசியில் இடும் டெர்மினேட்டரையும் மாற்றிப் பார்க்க. தொகுதி தொகுதியாகத் தரவு விடுபட்டோ சுன்னமாகவோ இருந்தால், எழுதியபோதும் படித்தபோதும் தொகுதியளவு ஒன்றாக இருந்ததா என்று காண்க. ஒரே நாடாவில் ஒரே இடத்தில் மட்டும் இடர் நேருமாயின், அப்பொழுது நாடாவைக் குறைகூறலாம். பல நாடாக்களிலும் கருவி முறையிட்டாற் சுத்திகரிப்பு நாடாவை இட்டுத் தலையைத் துடைப்பிக்க வேண்டும். இவற்றுள் ஒருபொழுதில் ஒன்றையே மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றினாற் குற்றவாளி எதுவெனத் தெரியாமற் போம்.

படியெடுக்கும்போதே மாறிக்கொண்டிருக்கும் கோப்பும் உண்டு, தரவுத்தளங்கள் அத்தகையன. அவற்றைத் திறந்தவாறே படியெடுத்துவிட்டுச் சரிபார்ப்பெண் பொருந்தவில்லையென்றால், குற்றம் எக்கருவியினுடையதும் அன்று. தரவுத்தளத்தை நிறுத்தியோ, அதற்குரிய படியெடுக்கும் கட்டளையாலோ முதலில் வட்டில் ஒரு படி எடுத்து, அப்படியையே நாடாவிற்கு அனுப்ப வேண்டும்.

இறுதியாக, எழுதிய கருவியை விடுத்து வேறொரு கருவியிலும் நாடாவைப் படித்துப் பார்க்க. பழைய வகைக் கருவிகளுட் சில, தலை சற்றே கோணியிருப்பினும் தாம் எழுதியதைத் தாமே நன்கு படிக்கும். பிறிதொரு கருவியாற் படிக்கவொண்ணாது.