களஞ்சியத்தின் மேல் ஜன்னல்களைத் தரையில் நின்றே திறக்கும் சாதனங்கள்

நெற்களஞ்சியம் கட்டுவோர் கூரையை ஒட்டிக் காற்று ஜன்னல்கள் வைப்பது வழக்கம். அவை 10 அல்லது 12 அடி உயரத்தில் இருப்பதால் கைக்கு எட்டா. ஏணியில் ஏறித்தான் திறக்க வேண்டுமெனின், முதற் சில நாட்கள் திறப்பர்; பின்னர் ஜன்னல் வருஷம் முழுவதும் ஒரே நிலையில் நின்றுவிடும். திறந்தே கிடந்தால் சாரலும் பறவைகளும் உட்புகும். மூடியே கிடந்தால் ஈரமும் வெப்பமும் தங்கி மூட்டைகள் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஜன்னலின் பயன் அதைத் திறக்கும் சாதனத்தைப் பொறுத்ததாகும்.

திறக்கும் வேளை

வெளிக்காற்று உலர்ந்திருக்கும் பகற்பொழுதில் திறந்து, மாலைப் பனிக்கு முன்னும் மழைக்காலத்திலும் மூடவேண்டும். நெல்லின் ஈரம் 14 சதவீதத்திற்கு மேற்படாதிருத்தல் நலம். ஜன்னற்காற்று களத்து வெயிலுக்கு ஈடாகாது. ஈர நெல்லை உலர்த்திய பின்னரே உள்ளே சேர்க்கவேண்டும்.

மூவகைச் சாதனங்கள்

1. கொக்கிக் கழி: மூங்கிற் கழியின் நுனியில் இரும்புக் கொக்கி பொருத்தி, ஜன்னற் கதவிலுள்ள வளையத்தில் மாட்டி இழுப்பது. ஓரிரு ஜன்னல்களுக்கு இதுவே போதும். கழியை வாயிலருகே ஆணியில் மாட்டிவைக்க வேண்டும்; கழி தொலைந்தால் ஜன்னலும் திறவாது.

2. கயிறும் கப்பியும்: நடுவில் இருபுறமும் முளை வைத்துச் சுழலும் கதவே இதற்கு ஏற்றது. முளைகளை நடுக்கோட்டிற்குச் சிறிது மேலே அமைத்தால் கீழ்ப்பாகம் கனமாயிருக்கும். கயிறு அறுந்தாலும் கதவு தானே மூடிக்கொள்ளும். மேல் விளிம்பிற் கட்டிய கயிற்றை உட்புறத்து உத்தரத்திலுள்ள கப்பியின் வழியாகக் கீழே கொணர்ந்து இழுத்தால், கதவின் அடிப்பாகம் வெளியே சாய்ந்து மழைநீரைப் புறத்தே வழியவிடும். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாதபடி கீழ் விளிம்பிலும் ஒரு கயிறு கட்டுக.

3. திருகுச் சாதனம்: கைப்பிடியைச் சுழற்ற, திருகும் பற்சக்கரமும் நீண்ட தண்டைத் திருப்பி வரிசையாயுள்ள பல ஜன்னல்களை ஒருங்கே திறப்பது. கைப்பிடியை விட்டாலும் கதவு நின்ற நிலையிலேயே நிற்கும். விலை அதிகமாதலால் பெரிய கிடங்குகளுக்கே தகுதியானது. பழுதுபார்க்கத் தெரிந்த கொல்லர் அருகில் உளரா என விசாரித்த பின்னரே வாங்குக.

பராமரிப்பு

பருத்திக் கயிறு நனைந்தால் நீளத்திற் சுருங்கும். கோடையில் இறுக்கிக் கட்டியது மழையில் முளையைப் பிடுங்கிவிடக்கூடும். நைலான் கயிறு வெயிலில் நாளடைவில் வலுவிழக்கும். பாலியெஸ்டர் கயிறு இவற்றினும் நீடித்துழைக்கும். எலி கடிக்கும் இடங்களில் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிக் கயிறு நன்று. கயிற்றின் பருமன் கப்பியின் பள்ளத்திற்குப் பொருந்தவேண்டும். மெல்லிய கயிறு சக்கரத்தின் பக்கத்தில் நழுவிச் சிக்கிக்கொள்ளும். கயிற்றின் மிகுதியைச் சுருட்டிக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் கட்டுக. தொங்கும் கண்ணி கழுத்தில் மாட்டினால் உயிருக்கே அபாயம்.

முளைக்கும் கப்பிக்கும் நல்லெண்ணெய் இடுதல் தவறு. அது நாளடைவில் பிசினாகி உமித்தூசியைப் பிடித்துக்கொள்ளும். தூசியைத் துடைத்துவிட்டு யந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, மிகுதியைத் துணியால் ஒற்றியெடுக்கவேண்டும். பறவைகளைத் தடுக்கும் கம்பிவலையையும் அப்போதே சோதிக்கலாம்.

காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவதால் ஆவணி மாதத்திலேயே இச்சோதனையை முடித்தல் வேண்டும். இந்த ஒரு நாளைக்கு மட்டும் ஏணி வேண்டும். அதனடியைப் பிடிக்க மற்றொருவர் நிற்கவேண்டும்.

பொதுக் கிடங்குகளில் ஜன்னல் எல்லோருடைய பொறுப்பாயிருந்தால் ஒருவர் பொறுப்பும் ஆகாது. கிராம அதிகாரிகள் திறந்து மூடும் வேலையை ஒருவரிடம் ஒப்புவித்து, அவர் பெயரைக் கிடங்கின் கதவிலேயே எழுதிவைப்பார்களாயின், விளைந்த நெல் வீணாகாமற் காக்கப்படும்.