பூனைகளோடு ஊர் மாறும்போது

கேள்வி: கோவையிலிருந்து சென்னைக்குக் குடிபோகிறோம். எங்கள் இரண்டு பூனைகளும் காரில் ஏற்றினாலே கத்தும், வாந்தி எடுக்கும். 500 கிலோமீட்டர் எப்படிக் கொண்டுபோவது?

பதில்: பயணக் கூண்டை இன்றைக்கே பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். ஊசி போடும் நாளில் மட்டும் கண்ணில் படும் கூண்டுக்குப் பூனை பயப்படத்தான் செய்யும். கூடத்தில் திறந்து வைத்து, நீங்கள் உடுத்திய பழைய துணியை விரித்து, சாப்பாட்டையும் அதற்குள்ளேயே வையுங்கள். தானாகப் போய்த் தூங்கத் தொடங்கிய பிறகுதான் காரில் தெருவரை ஒரு சுற்று.

கால்நடை மருத்துவரை அவசியம் பாருங்கள். பதற்றத்துக்குக் காபாபென்டின் போன்ற மருந்தை எடைக்கேற்ப எழுதித் தருவார். அவரைக் கேட்டுக்கொண்டு முன்கூட்டியே ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது நல்லது. வீட்டு மாத்திரை எதுவும் வேண்டவே வேண்டாம். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

முந்தின இரவோடு சாப்பாட்டை நிறுத்தி, விடியுமுன் கிளம்புங்கள், தண்ணீர் தரலாம். இரண்டுக்கும் தனித்தனிக் கூண்டு, மேலே மெல்லிய துணி. உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தினால் ஒருவர் ஏசியோடு காரிலேயே இருக்கட்டும். எவ்வளவு கத்தினாலும் கூண்டைத் திறக்காதீர்கள். மிரண்டு ஓடிய பூனையை நெடுஞ்சாலையில் பிடிக்க முடியாது.

புது வீட்டில் சில நாள் ஒரே அறையில் வைத்திருங்கள். பழகிய வாசனை இருக்கட்டும் என்று, அவை கழிக்கும் பழைய மண்தட்டைக் கழுவாமல் கொண்டுபோங்கள்.