கணக்குத் தெரிந்த வாழ்க்கை

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. சம்பளம் வரத் தொடங்கியதும் வீடு புக் பண்ணு, கார் எடு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள் என்றும், உனக்கோ எளிமையாக வாழ ஆசை என்றும் எழுதியிருந்தாய். அப்படி வாழ சென்னை ஓரத்துக் கோவிலம்பாக்கத்தை விட்டு ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய்விட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். போக வேண்டாம் என்பதுதான் என் பதில். எளிமையைக் கற்றுக்கொள்ள நம் ஊரைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. ஏன் என்று சொல்கிறேன்.

குமரப்பா என்று ஒருவர் இருந்தார். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துவிட்டு வந்து பம்பாயில் தொழில் நடத்தினார். கோட்டும் சூட்டுமாக வாழ்ந்தவர். பிறகு அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தார். ஆங்கிலேய அரசின் வரவு செலவுக்கும் இந்தியாவின் வறுமைக்கும் உள்ள தொடர்பைத் தோண்டி எடுத்து ஆய்வாக எழுதினார். அந்த ஆய்வோடுதான் 1929-இல் காந்தியைப் பார்க்கப் போனார். அதன்பிறகு அவருக்குக் கதர்தான். 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தினார். கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார்.

வேலையை விட்டாலும் தணிக்கைக்காரரின் கண்ணை அவர் விடவில்லை. ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது, யார் உழைப்பில் வருகிறது, அதற்கான விலையை உண்மையில் யார் கொடுக்கிறார்கள் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். எளிய வாழ்க்கை என்று நான் நம்புவதும் இதைத்தான். முழுக் கணக்கும் தெரிந்து, அதைப் பார்த்துக் கூசாமல் வாழ்வது.

சிறையில் இருந்தபோது அவர் எழுதி 1945-இல் வெளிவந்த ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ என்ற நூலில், இயற்கையிடமிருந்தே பொருளாதாரத்தைப் படிக்கிறார். பிற உயிரைக் கொன்று தின்னும் புலி, பிறர் நட்ட தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு, தானே கூடு கட்டிக்கொள்ளும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, பலன் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை என்று வாழும் முறைகளைப் படிப்படியாக வரிசைப்படுத்துகிறார். இயற்கைப் பொருள்களையும் இரண்டாகப் பிரிக்கிறார். நிலக்கரி, பெட்ரோலியம் போல எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு ஒன்று. ஆற்றுநீர், மரம் போல மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கும் ஓட்டம் மற்றொன்று. இருப்பை நம்பி வாழ்ந்தால் சண்டைதான் மிஞ்சும், ஓட்டத்துக்குள் வாழப் பழகுங்கள் என்பது அவர் வாதம்.

இதை நம் தெருவில் வைத்துப் பார். எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு பழைய உறைகிணறு இருப்பது உனக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நன்றாக மழை பெய்தால், எட்டிப் பார்க்கும்போதே மேலிருந்து நாலாவது உறையில் தண்ணீர் தளும்பும். பங்குனிக்குள் உறை உறையாக இறங்கி, சித்திரையில் அடிச்சேறு தெரியும். இந்தக் கிணற்றில் இறைப்பவருக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, உறை சொல்லும். அதுதான் ஓட்டத்துக்குள் வாழ்வது. பக்கத்து அடுக்ககத்தில் பல நூறு அடி ஆழத்துக்கு போர் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு இருக்கிறது, எப்போது தீரும் என்று அங்கே யாருக்கும் கண்ணால் தெரியாது. குழாயைத் திறந்தால் வருகிறது, அவ்வளவுதான். நம் சுற்றுவட்டாரக் கிணறுகளில் உறிஞ்சிய தண்ணீர் லாரி லாரியாக நகரத்தின் வேறு பகுதிகளுக்குப் போவதையும் பார்த்து வளர்ந்தவன் நீ. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, காலிக் குடங்களோடு வரிசையில் நின்றவர்கள் யார் என்பதும் உனக்கு நினைவிருக்கும். லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டியவர் கொடுத்தது பாதி விலை. மீதியைக் கொடுத்தவர்கள் அந்த வரிசையில் நின்றார்கள்.

தண்ணீர் போகும் வழியையும் தெரிந்துகொள். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரி நாராயணபுரம் ஏரிக்கு வர வேண்டும். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலம், பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடல். இதுதான் மழைநீர் இறங்கும் பாதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கரணைக்குப் போ. நீலத் தாழைக்கோழி ஒரு கோரைத் தண்டைப் பிடுங்கி, காலாலேயே கைபோலப் பிடித்துக்கொண்டு, அடிக்குருத்தை மட்டும் கடித்துத் தின்னும். அதற்கு வேண்டியதெல்லாம் அது நிற்கும் இடத்திலேயே இருக்கிறது. அதே சதுப்பின் ஓரத்தில்தான் பெருங்குடிக் குப்பைமேடும் பல ஆண்டுகளாக வளர்ந்தது. 2022-இல் இந்தச் சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பரப்பு சுமார் 1247 ஹெக்டேர். ஒரு காலத்தில் இதைவிடப் பல மடங்கு விரிந்து கிடந்தது. சாலைகளும் கட்டடங்களும் குப்பையும் தின்றதுபோக மிஞ்சியதைத்தான் இப்போது காப்பாற்றப் பார்க்கிறோம். 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது, தண்ணீர் தன் பழைய இடங்களைத் தேடித்தான் வந்தது.

ஊரை விட்டுப் போக வேண்டுமா என்று கேட்டாய் அல்லவா? அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1845-இல் வால்டன் குளக்கரையில் குடிசை போட்டுக்கொண்டு வாழ்ந்த கதையை நீ படித்திருப்பாய். அவர் காட்டுக்குள் ஓடிப்போனதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்தக் குளம் கான்கார்டு ஊரிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். குடிசை கட்டிய செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று பலகை, ஆணி, சுண்ணாம்பு வரை தன் புத்தகத்தில் அவர் எழுதிவைத்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவரும் கணக்கு எழுதியவர். மனசாட்சிக்கு ஒவ்வாத அரசுக்கு வரி கட்ட மறுத்து 1846-இல் ஓர் இரவு சிறையில் இருந்தவர்.

ஒன்றை மறந்துவிடாதே. எளிமை வேறு, இல்லாமை வேறு. கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு எளிமையைப் பற்றிப் பேச நமக்கு அருகதை இல்லை. அவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். தேவைக்கு மேல் இருப்பவன் தானே விரும்பி நிறுத்திக்கொள்வதற்குத்தான் எளிமை என்று பெயர்.

இனி நீ செய்ய வேண்டியது. ஒரு நோட்டு வாங்கு. ஒரு மாதம், பணக் கணக்கோடு மற்றக் கணக்கையும் எழுது. எத்தனை கேன் தண்ணீர், எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை பிளாஸ்டிக் உறை, எத்தனை பார்சல் என்று எல்லாவற்றையும் எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்று எழுது. பதில் தெரியாத வரிகளில்தான் நீ முதலில் குறைக்க வேண்டும். புரட்டாசியிலேயே மொட்டைமாடியைக் கூட்டி, மழைநீர்த் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் அலசிப் போடு. 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாடு அது. பல வீடுகளில் குழாய் மட்டும் நிற்கிறது, தண்ணீர் தெருவுக்கு ஓடுகிறது.

இப்படி வாழும்போது ஊர் வாய் திறக்கும். கஞ்சன் என்பார்கள். உன் கல்யாணத்தின்போது இன்னும் கூடுதலாகப் பேசுவார்கள். அப்போது குமரப்பாவை நினைத்துக்கொள். 1934-இல் பீகார் நிலநடுக்க நிவாரண நிதிக்கு அவர் கணக்குப் பொறுப்பாளர். தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு மூன்றணா என்று வரம்பு வைத்தார். காந்தி தன் குழுவோடு அங்கே வந்தபோது, அவர்கள் செலவை இந்த நிதியிலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டார். அது துயரப்பட்டவர்களின் பணம். காந்தியும் ஏற்றுக்கொண்டார். பெரியவர்கள் முன்னாலும் தன் கணக்கை மாற்றி எழுதாத அந்தத் தைரியத்தைத்தான் நான் மனசாட்சி என்கிறேன்.

நீ பார்த்து வைத்திருக்கும் ஃபிளாட் விஷயமும் இதே கணக்கில்தான் வரும். கடன் கிடைக்குமா என்று பார்ப்பதற்கு முன், அந்த சர்வே எண் பழைய வருவாய்ப் பதிவேட்டில் என்னவாக இருந்தது என்று பார். ஏரியா, வாய்க்காலா, மேய்க்காலா? அந்தத் தெருவில் நாற்பது வருடம் இருந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, 2015-இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேள். பதில் சரியாக இருந்தால் தாராளமாக வாங்கு, கடன் உன் கைக்குள் இருக்கும் அளவு வாங்கு. தண்ணீரின் இடம் என்று தெரிந்தால், எத்தனை பேர் வற்புறுத்தினாலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
பெரியப்பா