ஒரே பாஸ்வேர்டு, மூன்று ஓஎஸ்: முதல்ல கடிகாரத்தைப் பாருங்க

இந்த வார எபிசோடில் சிங்கிள் சைன்-ஆன் பற்றி மேலோட்டமாகத்தான் பேச முடிந்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் கலந்திருக்கும் ஆபீஸில் இதை எப்படி அமைப்பது என்பதை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

செவன் ஹில்ஸ் பக்கத்துக் கிடங்குகளுக்கும் ஒர்க்‌ஷாப்களுக்கும் நான் கான்ட்ராக்டில் வேலை செய்கிறேன். பெரும்பாலும் ஒரே காட்சிதான்: அக்கவுன்ட்ஸில் விண்டோஸ், லேபிள் அடிக்க ஒரு லினக்ஸ் சர்வர், டிசைன் பார்ப்பவரிடம் ஒரு மேக். ஆளுக்கு மூன்று பாஸ்வேர்டு, மூன்றும் கீபோர்டுக்கு அடியில் ஒரு சீட்டில். ஒருவர் வேலையை விட்டுப் போனால் மூன்று இடத்தில் அவர் கணக்கை மூடணும்; ஒன்றை மறந்தாலும் கதவு திறந்தே கிடக்கும். சிங்கிள் சைன்-ஆன் தேவைப்படுவது இதற்குத்தான்.

மூன்று ஓஎஸ்ஸுக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி கெர்பரோஸ். அமெரிக்காவின் எம்ஐடியில் 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்தது. விண்டோஸ் 2000 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதை ஆக்டிவ் டைரக்டரியின் அடிப்படையாக எடுத்துக்கொண்டது. லினக்ஸுக்கும் மேக்குக்கும் அது ஏற்கெனவே பழக்கம்தான்.

வேலை செய்யும் விதம் தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரி. வாசலில் ஒரு தடவை நுழைவுச் சீட்டு வாங்குகிறீர்கள். உள்ளே ராட்டினத்துக்குத் தனிச் சீட்டு வேணும். ஆனால் நுழைவுச் சீட்டைக் காட்டினாலே அது கிடைத்துவிடும். காலையில் பாஸ்வேர்டு அடித்ததும் டொமைன் கன்ட்ரோலர் தருவது நுழைவுச் சீட்டு. ஃபைல் சர்வர், பிரின்டர், இன்ட்ராநெட் ஒவ்வொன்றுக்கும் அதைக் காட்டித் தனி டிக்கெட் வாங்குவதை கம்ப்யூட்டரே பின்னால் பார்த்துக்கொள்ளும். ஆக்டிவ் டைரக்டரியில் இந்தச் சீட்டு சாதாரணமாக 10 மணி நேரம் செல்லும்.

எதையும் இன்ஸ்டால் பண்ணுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்க.

முதலாவது, நேரம். யாராவது டிக்கெட்டைத் திருடி மறுபடி காட்டக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு முறையும் நேரமும் சேர்ந்து போகும். இரு பக்கக் கடிகாரங்களுக்கும் இடையே வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் அனுமதி. சில மென்பொருள்கள் வித்தியாசத்தைத் தாங்களே சரிக்கட்டிக்கொள்ளும்; அதனால்தான் ஒரே ஆபீஸில் நாலு பேருக்கு வேலை செய்து ஐந்தாவது ஆளுக்கு மட்டும் படுத்துக்கொள்ளும்.

கெர்பரோஸ் பார்ப்பது யுடிசி நேரத்தை. டைம் ஜோன் தப்பாக இருந்தால் அதற்குக் கவலை இல்லை. மனிதர்கள் அதைத் திருத்தும் விதத்தில்தான் ஆபத்து. அக்டோபர் முதல் ஞாயிறு சிட்னியில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும், குயின்ஸ்லாந்தில் போகாது. பிரிஸ்பேன் ஜோனில் செட் ஆன லேப்டாப் சிட்னியில் ஒரு மணி நேரம் பின்னால் காட்டும். வைத்திருப்பவர் ஜோனை மாற்றாமல் மணியைக் கையால் தள்ளி வைத்தால், யுடிசி 60 நிமிடம் பிசகிப் போகும். அடுத்த நாள் பெரும்பாலும் லேபர் டே விடுமுறை என்பதால், சிக்கல் செவ்வாய்க்கிழமை காலையில்தான் தலைகாட்டும்.

அரசாங்கங்களும் தேதியை மாற்றும். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்ஸுக்காகப் பகலொளி நேரம் ஆகஸ்ட் 27-ஆம் தேதியே தொடங்கியது. 2006-இல் மெல்பர்ன் காமன்வெல்த் போட்டிகளுக்காக அது ஒரு வாரம் நீண்டு ஏப்ரல் 2-இல் முடிந்தது. அதே மாதம் இலங்கையும் தன் நேரத்தை யுடிசி +6-இலிருந்து +5:30-க்கு மாற்றியது. அங்கே அடிக்கடி போன் பேசுகிறவர்களுக்கு நினைவிருக்கும். அப்டேட் வராத மெஷின் இப்படிப்பட்ட நாட்களில் பழைய விதிப்படிதான் மணி காட்டும். பார்ப்பவர் கை உடனே கடிகாரத்துக்குப் போகும்.

அதனால் டொமைன் கன்ட்ரோலரை நம்பகமான என்டிபி சர்வரோடு இணையுங்க. டொமைனில் சேர்ந்த விண்டோஸ் தானாகவே அங்கிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் குரோனியையும், மேக்கில் தேதி-நேர அமைப்பையும் அதே இடத்துக்குத் திருப்பி விடுங்க. கையால் மணி மாற்றும் உரிமையைச் சாதாரணப் பயனருக்குக் கொடுக்காதீங்க.

இரண்டாவது, பெயர். டிக்கெட் சர்வரின் முழுப் பெயருக்குத்தான் வழங்கப்படும். ஐபி முகவரியை அடித்து ஷேரைத் திறந்தால் விண்டோஸ் வழக்கமாகக் கெர்பரோஸை விட்டுப் பழைய என்டிஎல்எம் முறைக்கு இறங்கிவிடும். எல்லா மெஷின்களும் டொமைனின் டிஎன்எஸ்ஸையே கேட்கட்டும். பழைய டொமைன் பெயர் 'டாட் லோக்கல்' என்று முடிந்தால் கூடுதல் கவனம்: மேக்கும் பல லினக்ஸ் வகைகளும் அந்த முடிவை மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கி வைத்திருக்கின்றன. அந்தச் சர்வர் அவற்றின் கண்ணில் படாமலே போகலாம்.

இனி ஓஎஸ் வாரியாக.

விண்டோஸ்: டொமைனில் சேர்த்தால் போதும். மீதியை அதுவே செய்துகொள்ளும்.

லினக்ஸ்: ரியல்ம்டி, எஸ்எஸ்எஸ்டி இரண்டையும் போடுங்க. 'ரியல்ம் டிஸ்கவர்' டொமைனைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்த பிறகே 'ரியல்ம் ஜாயின்'. சேர்ந்த கையோடு யார் யார் லாகின் ஆகலாம் என்பதை 'ரியல்ம் பெர்மிட்' மூலம் ஒரு குரூப்புக்கு மட்டும் சுருக்குங்க. இல்லையென்றால் டொமைனில் உள்ள எல்லாரும் சர்வருக்குள் வந்துவிடலாம். எஸ்எஸ்ஹெச் சாவி வைத்து நுழைபவர் பாஸ்வேர்டு அடிப்பதில்லை, அதனால் அவருக்கு டிக்கெட்டும் கிடைக்காது. அவர் 'கே-இனிட்' கொடுக்கணும்.

மேக்: 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து கெர்பரோஸ் எஸ்எஸ்ஓ எக்ஸ்டென்ஷன் உள்ளேயே இருக்கிறது. எம்டிஎம் வழியாக ஒரு ப்ரொஃபைல் அனுப்பினால் போதும், டொமைனில் பைண்ட் பண்ணத் தேவையில்லை. ஆபீஸ் நெட்வொர்க்கிலோ விபிஎன்னிலோ இருக்கும்போது டிக்கெட் கிடைக்கும்.

பிரவுசரை மறக்காதீங்க. லினக்ஸிலும் மேக்கிலும் குரோமுக்கு எந்தெந்தத் தளத்தை நம்பலாம் என்று பாலிசியில் சொல்லணும். ஃபயர்ஃபாக்ஸுக்கு அதன் செட்டிங்கில் சொல்லணும்.

சோதிக்க 'கே-லிஸ்ட்' கட்டளை. மூன்றிலும் அதே பெயர்தான். முதலில் நுழைவுச் சீட்டு தெரியணும். பிறகு ஃபைல் சர்வரைத் திறந்து மறுபடி அடித்தால், அந்தச் சர்வரின் பெயரில் இன்னொரு டிக்கெட் சேர்ந்திருக்கணும். ஷேர் திறந்தும் டிக்கெட் வரவில்லை என்றால், வேறு வழியாக உள்ளே போயிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பெயரை மறுபடி பாருங்க.

கடைசியாக ஒன்று. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்றால், அது வேலை செய்யாத நாளில் எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும். இரவு ஷிஃப்டில் லேபிள் அடிக்க முடியாவிட்டால் லாரி நகராது; திட்டு வாங்குவது அங்கே நிற்கும் ஆள்தான். ஒவ்வொரு மெஷினிலும் டொமைனைச் சாராத ஒரு லோக்கல் அட்மின் கணக்கு வையுங்க, மெஷினுக்கு ஒரு பாஸ்வேர்டு. அதைப் பாதுகாப்பான இடத்தில் எழுதி வைத்து, அது எங்கே இருக்கிறது என்று ஷிஃப்ட் பொறுப்பாளருக்கும் சொல்லி வையுங்க. அக்டோபர் வருவதற்கு முன்னால் ஒரு முறை சோதித்தும் பார்த்துவிடுங்க.

உங்கள் இடத்தில் 'கே-லிஸ்ட்' என்ன காட்டியது என்று எழுதுங்க. அடுத்த இதழில் கீடேப் ஃபைல்களைப் பார்ப்போம்.